தர்கா திருப்பத்தில் தூக்காத கை

சனி, இரவு.

என் சைக்கிளின் ஹேண்டில்பாரில் நேற்றுதான் ஏரோ பார் மாட்டினேன். முழங்கைகளை அதன் பஞ்சுத் திண்டில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி மிதித்தால் காற்று அவ்வளவாகத் தடுக்காது. சீட்டையும் முன்னால் தள்ளி உயர்த்திவிட்டேன்.

இன்று காலை மாமல்லபுரம் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். வழக்கம்போல என் மனைவி ஷமீமா ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். கோவளம் தர்கா திருப்பம் தாண்டியதும் முந்தி வந்து மறித்தாள். முகம் வெளிறியிருந்தது.

"இன்னாங்க ஆச்சு? எப்பவும் இங்க கையத் தூக்கி சலாம் சொல்வீங்களே!"

"இந்த பார்ல கைய எடுத்தா சைக்கிள் ஆடும் ஷமி."

"பின்னால இருந்து பாத்தா உங்க தலையே தெர்ல. முதுகு மட்டும் தனியா போய்கினு கீது. பயந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

நாளை இதே சாலையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் ஸ்கூட்டரைப் பின்னால் விட மாட்டார்கள். தர்கா திருப்பத்தில் நிற்கிறேன் என்றாள். தலையை மட்டும் நிமிர்த்தாதீங்க, நேரம் போய்டும் என்றும் அவளே சொன்னாள்.

போனால் போகட்டும். அங்கே நிமிர்ந்து கையைத் தூக்கத்தான் போகிறேன். அது தர்காவுக்கு மட்டும் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.