இளையவளைக் கேட்கிறார்கள்

மார்ச் 2, திங்கள்

லோசான் ஏரிப் பக்கமிருந்து கடுங்குளிர் காற்று. மெட்ரோவுக்கு இறங்கும்போது தொப்பி பறந்தது. துரத்திப் பிடித்தேன்.

கோட்டையில் புது வேலை. இதுவரை வாள், கவசம், பழைய அடுப்பு காட்டும் வழிகாட்டி. இனிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘கோட்டையில் ஒரு பெண்பிள்ளை’ என்று தனியாக ஒரு சுற்று. மத்தியகால வரலாறு படிக்கிறவள் என்பதால் என் தலையில் விழுந்தது. பொறுப்பாளர் அம்மையாரின் கட்டளை: சோகம் வேண்டாம். உடுப்பு, விருந்து, கல்யாணம் என்று கலகலப்பாக இருக்கட்டும்.

குறித்துவைத்தவை:
- பிரபு வீட்டுப் பெண்ணுக்குத் தொட்டிலிலேயே பேச்சு முடியும். பன்னிரண்டு வயதானால் கட்டிக் கொடுக்கலாம்.
- அதற்குள் தையல், ஜெபப் புத்தகம், விருந்தாளி முன் குனிந்த தலை.
- கல்யாணம் இல்லையென்றால் கன்னியர் மடம். வேறு போக்கிடம் அநேகமாக இல்லை.
- திருச்சபைச் சட்டப்படி பெண்ணின் சம்மதம் கட்டாயம்.

இதில் கலகலப்பு எங்கே?

பால் வாங்க மறந்து அம்மாவிடம் ஏச்சு.

மார்ச் 4, புதன்

மழை. நான் வீட்டுக்குள் வரும்போது அம்மா தொலைபேசியில். ஸ்பீக்கரில் ஓஸ்டர்முண்டிகன் ஊர்க்காரம்மாவின் குரல்.

தையில் எனக்குப் பேசி வந்த இடம் அது. பேர்னுக்குப் பக்கம். பையன் நிரோஜன், மின்சார வேலை. வேண்டாம் என்றேன். அப்பா கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

இன்று பையனின் தாய்: “மூத்தவவுக்கு விருப்பமில்லையெண்டால் பரவாயில்லை. இளையவவைக் கேக்கலாமோ? சாதகத்தை அனுப்பி விடுங்கோவன்.”

“இவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்” என்றார் அம்மா. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து.

என் தங்கை ஆரணிக்கு இருபத்தொரு வயது. இங்கே லோசானில் தாதியர் பயிற்சி, முடிய இன்னும் ஒரு வருடம். எல்லாம் பிரெஞ்சில். அங்கே ஜேர்மன். அவர்கள் கேட்பது இந்த ஆவணியில்.

ஆரணி வேலை முடிந்து வந்தாள். அம்மா சொன்னார். “ம்” என்றாள். சோறு போட்டுக்கொண்டு சாப்பிட இருந்துவிட்டாள்.

மார்ச் 7, சனி

முதல் சுற்று. பிள்ளைகள் சீதனப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு சிறுமி மட்டும் கேள்விமேல் கேள்வி.

பேச்சு முடிந்த பெண் கல்யாணத்துக்கு முன் செத்துப்போனால்?

சில ஒப்பந்தங்களில் அதுவும் இருக்கும் என்றேன். மூத்தவள் இல்லையென்றால் அடுத்தவள்.

அடுத்தவளைக் கேட்டார்களா?

கேட்டார்கள்.

அவள் பதில் சொல்லாவிட்டால்?

பேசாமல் இருந்தாலும் சம்மதம் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள் என்றேன். ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார்.

பின்னேரம் அம்மையார்: அடுத்த தடவை விருந்தைப் பற்றிக் கூடச் சொல்.

மார்ச் 9, திங்கள்

இன்று எங்கள் வீடு உடுப்புத் தோய்க்கிற முறை. கட்டடத்தின் நிலவறையில் ஆரணியும் நானும்.

“நீ மாட்டன் எண்டு சொல்லு. அப்பாவோட நான் கதைக்கிறன்.”

“ஏன் மாட்டன் எண்டு சொல்லோணும்?”

“படிப்பு?”

“அங்க போய்ப் படிக்கலாம்.”

“ஜேர்மனிலயோ?”

படுக்கை விரிப்பின் ஒரு நுனியை என் கையில் தந்தாள். மடித்தோம். பிறகு சொன்னாள்:

“அக்கா, நீ வேண்டாம் எண்டனி. நீ கெட்டிக்காரி, உன்னை விட்டிடுவினம். நானும் வேண்டாம் எண்டால் அம்மா என்ன செய்வா? ஒவ்வொரு கொண்டாட்டத்திலயும் சனம் கேக்குது. அழுதுகொண்டு வாறா. நீ அந்த நேரம் லைப்ரரியில. வீட்டில இருக்கிறது நான்.”

“அதுக்காகக் கட்டுறதோ?”

“உனக்கு வேண்டாம் எண்டு சொல்லலாம். எனக்கு ஓம் எண்டு சொல்லேலாதோ?”

மடித்த விரிப்பையே திரும்ப மடித்தேன். பல்கலைக்கழகத்தில் சம்மதத்தைப் பற்றி ஆய்வு எழுதுகிறவள் நான்.

அவனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “பிடிக்கேல்ல எண்டும் இல்லை” என்றாள்.

ஒரு காலுறைச் சோடியைக் காணவில்லை.

மார்ச் 11, புதன்

வெயில். ஏரி கண்ணைக் கூச வைத்தது. மதிய இடைவேளையில் நிரோஜனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஆரணியின்ர அக்கா கதைக்கிறன்.”

“தெரியும். வேண்டாம் எண்டவ.” கோபமாக இல்லை. வெறும் அடையாளம்.

“அவளின்ர படிப்பு முடியட்டும் எண்டு நீங்கள் சொல்லலாமே.”

“சொன்னனான். அம்மா கேக்கிறா இல்லை. ஹோல் புக் பண்ணியாச்சு எண்டுறா.”

“இன்னும் அவள் ஓமெண்டே சொல்லேல்லையே!”

“இது இப்ப பண்ணினதில்லை. உங்களைப் பேசேக்கையே பண்ணினது.”

மண்டபம் அப்படியே இருக்கிறது. பெண் மட்டும் மாறுகிறாள்.

“உங்களுக்கு அவளைப் பிடிச்சிருக்கோ?”

“அம்மா உங்களைக் கேட்டா, ஓம் எண்டன். இப்ப தங்கச்சியைக் கேட்டா, அதுக்கும் ஓம் எண்டன்.” பிறகு, “நான் கூடாத ஆள் இல்லை” என்றான்.

தெரியும் என்றேன். உண்மையாகவே தெரிந்தது. கூடாதவனாக இருந்திருந்தால் சண்டை பிடிக்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

வந்தார்கள். வடை, கேக், பழத்தட்டு. ஆரணி அம்மாவின் நீலச் சேலையில். அழகாக இருந்தாள்.

நிரோஜனின் தாய் அவளைப் பக்கத்தில் இருத்தி, “பிள்ளைக்குச் சம்மதமோ?” என்றார்.

அவள் பேசாமல் இருப்பாள், அந்த இடைவெளியில் புகுந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். “ஓம்” என்றாள். தெளிவாக, தேவைக்கு மேல் சத்தமாக.

“ஒரு வருஷம் பொறுத்து...” என்று தொடங்கினேன்.

“பிள்ளை, தேத்தண்ணி கொண்டு வா” என்றார் அப்பா.

எழும்பிப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கால் தானாகப் போனது.

குசினியில் அம்மா. “அவள் இவ்வளவு படிச்சதெல்லாம் என்னாகிறது, அம்மா?”

“நான் இஞ்ச கட்டி வரேக்க எனக்கு என்ன பாஷை தெரியும்? உங்கட அப்பாவையே எயார்போட்டிலதான் முதல் கண்டனான். பழகினனான்தானே?” சீனி போட்டுக் கலக்கினார். அதே கோப்பைக்குத் திரும்பவும் சீனி போட்டார். பார்க்காத மாதிரி நின்றேன்.

எல்லோருக்கும் தேத்தண்ணி நானே கொடுத்தேன்.

மார்ச் 18, புதன்

மறுபடி குளிர். கோட்டையில் இரண்டு வகுப்பு. விருந்தைப் பற்றி நிறையச் சொன்னேன். அம்மையாருக்குச் சந்தோஷம்.

ஆரணி பயிற்சியை நிறுத்துவதாக இன்று பள்ளியில் சொல்லிவிட்டாள். ஆசிரியை கட்டிப்பிடித்துக் கல்யாணத்துக்கு வாழ்த்தினாராம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியோடு என் எதிரில் வந்து இருந்தாள்.

“ஜேர்மன் சொல்லித் தா. நீ பள்ளிக்கூடத்தில நல்லாச் செய்தனிதானே.”

எண்கள், கிழமைகள் என்று தொடங்கினேன். அது வேண்டாமாம். நோயாளியிடம் ‘எங்கே நோகிறது’ என்று எப்படிக் கேட்பது?

“வோ டூட் எஸ் ஈனென் வே?” என்று சொல்லிக் கொடுத்தேன்.

தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, கட்டிலருகே நிற்பவள் மாதிரிக் குனிந்து, கேட்டாள்.

இது புத்தக ஜேர்மன், பேர்னில் ஆட்கள் இப்படிக் கதைப்பதில்லை. அவர்கள் கதைப்பது வேறு வழக்கு, எனக்கே பாதி விளங்காது. சொல்ல வாய் வரவில்லை.

“இன்னொருக்காச் சொல்லு” என்றேன்.

சொன்னாள். ஒரு பிழை இல்லை.