குலையில் கட்டிய 650

அக்டோபர் 8, செவ்வாய்

நீட் மாதிரித் தேர்வில் 720க்கு 402. இது இரண்டாம் வருஷக் கோச்சிங். பூங்கனி மிஸ் தனியாகக் கூப்பிட்டு, "அஜிஷா, 450க்குக் குறி வை. தெரிஞ்சதுக்கு மட்டும் பதில் போடு, தெரியாததை விட்டுரு. சித்தா கிடைக்கும்" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். எனக்குச் சித்தா போதும். அப்பாவுக்குத்தான் எம்.பி.பி.எஸ். வேணும்.

அக்டோபர் 13, ஞாயிறு

சபையில் அறுப்பின் பண்டிகை. விளைஞ்சதைக் காணிக்கையா வச்சு ஏலம் விடுவாங்க. அப்பா எங்க வாழைத் தோட்டத்து ஏத்தங்குலையைக் காணிக்கையா வச்சாரு. காம்பில் ஓர் அட்டை: 'மகள் அஜிஷா நீட்டில் 650 எடுத்ததற்காக ஸ்தோத்திரம்.' எடுத்ததற்காகவாம்! பரீச்சைக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கு. விசுவாசம் உள்ளவன் முன்னாலயே நன்றி சொல்லணுமாம். ஏலம் விட்டவர் அதை மைக்கில் வாசிச்சாரு, "ரசலையன் மகளுக்கு 650" என்று ரெண்டு தடவை. யேசுரத்தினம் மாமா குலையை ஏலத்துல எடுத்தார். எல்லாரும் கைதட்டினாங்க. நான் அம்மா முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சேன். பத்தொன்பது வயசு எனக்கு.

அக்டோபர் 14

மேசைக்கு மேலே 450 என்று எழுதி ஒட்டியிருந்தேன். அப்பா கிழிச்சுட்டாரு.

பிப்ரவரி 20

மாதிரித் தேர்வில் 436. வீட்ல சொல்லல. சொன்னா மிச்சம் எங்கேன்னுதான் கேப்பாரு.

கடையில் யேசுரத்தினம் மாமாவைப் பாத்தேன். ஏலத்துல எடுத்த குலைப் பழம் நல்ல இனிப்பா இருந்துச்சாம். 650 உறுதிதானே மக்கா என்றார். ஆமா மாமா, உங்களுக்க வயித்துல பத்திரமா இருக்கு. சொல்லல. சிரிச்சுட்டு வந்தேன்.

மே 4, ஞாயிறு

நூத்தி நாப்பது கேள்விக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் பதில் போட்டேன். நாப்பது தெரியல. விட்டிருக்கணும் — பேனாவைக்கூட மூடிட்டேன். கடைசிப் பத்து நிமிஷத்துல அந்தக் குலையும் மைக்கும் கைதட்டலும் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. 450ஐ வச்சுக்கிட்டு எந்த முகத்தோட சபைக்குப் போவேன்? நாப்பது வட்டத்தையும் குருட்டாம்போக்குல கறுப்பாக்கினேன். என்ன புத்தி எனக்கு?

ஜூன் 14

425.

விடையெல்லாம் வச்சுக் கூட்டிப் பாத்தேன். அந்த நாப்பதில் சரி மூணு, தப்பு முப்பத்தேழு. சரிக்கு நாலு மார்க் வந்திருக்கு, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மார்க் போயிருக்கு. சும்மா விட்டிருந்தா 450. சரியா 450! அப்பா என்னைப் பாக்காம அம்மாகிட்ட சொன்னாரு: "அவளுக்கு விசுவாசம் காணாது."

அக்டோபர் 9, வியாழன்

சித்தா லிஸ்ட் வந்துட்டு. என் பேர் இல்ல. கூடப் படிச்ச ஜாஸ்பினுக்குச் சீட்டு கிடைச்சிருக்கு. அவ மார்க் 447.

அக்டோபர் 11, சனி

நாளைக்குப் பண்டிகை. காணிக்கையை இன்னைக்கே சபையில கொண்டு வைக்கணும். அப்பா புதுக் குலை வெட்டி வச்சிருக்காரு. எனக்க கையெழுத்து நல்லா இருக்காம், அட்டையையும் பேனாவையும் நீட்டி, "680ன்னு எழுது மக்கா" என்றார். மூணாம் வருஷமும் கோச்சிங்தான்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. எழுதிக் குடுத்தேன்: 'மகள் அஜிஷா நீட்டில் 425 எடுத்ததற்காக ஸ்தோத்திரம்.'

ரெண்டு தடவை வாசிச்சாரு. கத்துவாருன்னு நெனச்சேன். குலையை மட்டும் தோளில் வச்சுட்டு சபைக்குப் போனாரு. அட்டை என் மேசையில கெடக்கு.