பாதிப் படத்துக்குப் போட்ட மதிப்பெண்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம், நீ நலமா என்று கேட்டுத்தான் எல்லாக் கடிதத்தையும் தொடங்குவேன். இந்த முறை அதில் பாதிதான் உண்மை. அப்பா நலம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய், கண் எரிச்சல் குறைந்ததா, இரவில் மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வைத்தாயா? இங்கே சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது. அப்பாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. சித்திக்கு மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள், இப்போது எல்லோருடைய வீட்டுத் தூசியும் அவளுக்குத் தெரிகிறது. இப்படியே நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் விஷயத்தைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், அது கோழைத்தனம். உன் படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நீ கூப்பிடவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை. தொலைபேசியில் என்றால் நான் நடுவில் எதையாவது பேசித் தப்பித்துவிடுவேன், அதனால் கடிதம்.

முதல் நாள் மாலைக் காட்சிக்கு நானும் அப்பாவும் போனோம். மகள் கதையும் வசனமும் எழுதிய முதல் படம் என்று நான் மருந்துக்கடைக்காரரில் இருந்து பால் போடுபவர் வரை யாரையும் விட்டுவைக்கவில்லை. தியேட்டர் நிறைந்திருந்தது. அந்தக் குதிரைலாயத்துப் பையன், யாரோ கழற்றிப்போட்ட கவசத்தை மாட்டிக்கொண்டு பெரிய வீரன் என்று பொய் சொல்லி, கோட்டையில் திருடுபோன மணியைத் தேடிக் கிளம்புகிறானே, அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் தலைக்கவசத்தின் மூடி டப்பென்று விழுகிறதே, அதற்கு எனக்கு முன்வரிசையில் இருந்த பருமனான ஒருவர் நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா என் காதில், “நம்ம பொண்ணு நம்ம பொண்ணு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் அந்தக் கிழட்டு வாத்தியார் வந்தார். அவனோடு கோவேறு கழுதைமேல் கூடவே வருகிறவர், கழுத்தில் ஒரு பலகை, கையில் சுண்ணாம்புக்கட்டி. கொள்ளைக்காரர்கள் நாலு பக்கமும் சூழ்ந்து நிற்கும்போது, “உதாரணத்துக்கு” என்று தரையில் கூழாங்கல் அடுக்கிக் காட்டுகிறவர். எழுதி முடித்ததும் கையை வலது இடுப்பில் துடைத்துத் துடைத்து அங்கியின் அந்த ஒரே இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறவர். அதைப் பார்த்ததும் அப்பா மெதுவாகத் திரும்பி என் இடுப்பைப் பார்த்தார். என் எல்லா உடைகளிலும் அந்த வெள்ளைத் திட்டைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தவர் அவர்தானே. அதற்கு மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கு ஒரு தாடியை ஒட்டிக் கழுதைமேல் ஏற்றிவிட்டாய்.

பையன் எதைச் செய்துவிட்டு வந்து நின்றாலும் வாத்தியார் சொல்வது ஒன்றுதான்: “சரி… ஆனா.” ஆற்றைக் கடந்தான், “சரி, ஆனா செருப்பை அந்தக் கரையிலேயே விட்டுட்டே.” கொள்ளைக்காரனை மடக்கினான், “சரி, ஆனா முடிச்சு தப்பு.” இடைவேளை வருவதற்குள் தியேட்டர் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. பின்வரிசையில் ஓர் இளைஞன் வாத்தியாருக்கு முன்பே “சரி” என்று இழுப்பான், மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து “ஆனா” என்பார்கள், சிரிப்பு கூரையில் போய் முட்டும். எனக்குக் காது இரண்டும் சுட்டது. வகுப்பில் நாற்பது பேரை ஒரு பார்வையில் அடக்கியவள், இருட்டில் முந்நூறு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல உட்கார்ந்திருந்தேன். விளக்கு வந்ததும் தலைவலி என்று எழுந்துவிட்டேன். அப்பா, “இன்னும் பாதி இருக்கேம்மா” என்றார். நான் நடந்துவிட்டேன். அவர் சோளப்பொரிப் பொட்டலத்தோடு பின்னாலேயே வந்தார், வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சத்தம் வராமல் தின்றார்.

அன்று இரவு நான் உனக்கு அனுப்பிய செய்தியை இப்போது திரும்பத் திறந்து படிக்கிறேன். “படம் பார்த்தோம். சரி. ஆனால் முடிவு இன்னும் அழுத்தமாக இருந்திருக்கலாம். படிப்புச் சொல்லிக்கொடுப்பவர்களைக் கேலி செய்வது உனக்கு அழகில்லை.” முடிவு. நான் பார்க்காத முடிவு. உனக்குத் தெரியுமா, முப்பது வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், எழுத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் ஒருவருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. பெற்ற பிள்ளைக்குப் போட்டேன். அத்தோடு நிறுத்தினேனா? பூங்காவில் காலை நடைபோகும் எங்கள் நடைக்கூட்டம் அடுத்த வாரம் படத்துக்கு ஒன்றாகப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தது. மறுநாள் காலை அவர்களிடம், “போகாதீங்க, சும்மா கோமாளித்தனம், பொண்ணு எழுதினதுன்னாலும் உள்ளதைத்தான் சொல்லணும்” என்று நேர்மையின் சிகரம் மாதிரி பேசினேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றாரே, எல்லோருக்கும் முன்னால் மெதுவாக நடந்து யாரையும் தாண்டவிடாத அம்மாள், நாங்கள் வேகத்தடை என்று கூப்பிடுவோமே, அவர் உடனே டிக்கெட்டுகளை ரத்து செய்துவிட்டார். நீ எனக்கு அனுப்பிய பதில் “சரிம்மா.” அவ்வளவுதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதனால்தான் அதிகமாகக் குத்தியது.

போன வாரம் வலது பக்கக் கடைவாய்ப்பல் வலித்துப் பல் மருத்துவரிடம் போனேன். நம் பழைய வீட்டுக்கு எதிரே இருந்து என்னிடம் பூகோளம் படித்தவர்தான். வாயை மரத்துப்போக வைத்து, இரண்டு குழாயைச் சொருகி, விளக்கைத் திருப்பிவிட்டு, “டீச்சர், நீங்க இப்ப பேச முடியாதுங்கிற தைரியத்துல ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது” என்றார். “ஒரு கோட்டை, கழுதைன்னு சிரிப்புப் படம் வந்திருக்கு. அதுல ஒரு தாடிக்காரர் வர்றாரு. அவரைப் பாத்த உடனே என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், இது எங்க பூகோள டீச்சர்னு. எழுதினது யாருன்னு தெரியலே, கண்டிப்பா உங்ககிட்ட படிச்சவங்களாத்தான் இருக்கணும்.” உன் பெயரைச் சொல்லலாம் என்றால் வாயில் இடமில்லை. உறுமத்தான் முடிந்தது. வலிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார். பல்லைக் குடைந்துகொண்டே கதையை முழுக்கச் சொன்னார். கடைசியில் ராஜாவின் சபையில் வாத்தியார் என்ன சொல்கிறார் என்பதைச் சொன்னபோது கை நின்றுவிட்டது. விளக்கைச் சரிசெய்வது போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். “பத்தாவது முடியிற வரைக்கும் நானும் பாத்தேன் டீச்சர், ஒரு தடவையாவது எனக்கு அப்படிச் சொல்லுவீங்கன்னு,” என்றார். “சரி, துப்புங்க.”

மரத்த உதட்டோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பாதி வார்த்தை புரியாதபடி சொன்னேன். அவர், “தெரியும். பல்பு வாங்கப் போறேன்னு ஒருநாள் போனேனே, அன்னிக்கு மீதியைப் பாத்துட்டேன்” என்றார். மாடிப்படி ஏன் இன்னும் இருட்டாக இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நீ ‘சரி, ஆனா’ம்பே. அதைக் கேக்க எனக்குத் தெம்பில்லே,” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான், அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

மறுநாள் தனியாக மதியக் காட்சிக்குப் போய் அதே வரிசையில் உட்கார்ந்தேன். குகைக்குள் பந்தம் அணைந்து பையன் ஒன்றும் தெரியாமல் நிற்கிறானே, எதிரே ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் அசைந்து அசைந்து போகிறதே, வாத்தியாரின் இடுப்பு, அதைப் பிடித்துக்கொண்டே அவன் வெளிச்சத்துக்கு வந்து சேர்கிறானே. முதல் பாதியில் அந்தத் திட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த கூட்டத்தில் ஒரு மூச்சுக்கூடக் கேட்கவில்லை. சின்ன வயசில் சந்தைக் கூட்டத்தில் நீ என் கையைப் பிடிக்கமாட்டாய், பின்னாலேயே வருவாய், எப்படித் தொலையாமல் வருகிறாய் என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அப்புறம் சபை. மணியை மீட்டு வந்ததற்காக ராஜா பட்டமும் நிலமும் கொடுக்க எழும்போது பையன் தலைக்கவசத்தைத் தன் கையாலேயே கழற்றி, நான் வீரன் இல்லை, லாயத்தில் சாணி அள்ளுகிறவன் என்கிறான். கிடைத்ததெல்லாம் போய்விட்டது. எல்லோரும் வாத்தியாரைப் பார்க்கிறார்கள். வாத்தியார் வாயைத் திறந்து “சரி” என்றார், தியேட்டர் முழுக்க ஒரே குரலில் “ஆனா” என்றது, நானும் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அவர் சொல்லவில்லை. கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் சொன்ன “ஆனா” மட்டும் கூரையில் தொங்கியது. அந்தக் குரல்களில் என் குரல் எது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அந்தப் பெண் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து அதில் இல்லாத எதையோ ரொம்ப நேரம் தேடினாள். நானும் என் பையைத் திறந்தேன்.

எல்லோரும் போன பிறகும் உன் பெயர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். துடைப்பத்தோடு வந்தவரிடம், “இது என் பொண்ணு” என்று திரையைக் காட்டினேன். “அப்படியாம்மா, நல்லது, காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்றார். தூக்கினேன். அன்றைக்கு எனக்கு அந்த அளவுக்குத்தான் தகுதி.

நடைக்கூட்டத்திலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். வேகத்தடை நடப்பதையே நிறுத்திவிட்டார், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். “அப்ப பாதியைப் பாத்துட்டுத்தான் மொத்தப் படத்தையும் ஃபெயிலாக்கினீங்களா? உங்க பிள்ளைங்க எப்படித்தான் பாஸானாங்களோ!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியதுதான். நாளை எல்லோருமாகப் போகிறோம், என்னை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் காவல் போடப் போகிறார்களாம், இடைவேளையில் எழுந்து ஓடிவிடாமல்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு ஓர் உதாரணம் சொல்லத் தொடங்கி, அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் இன்னும் சில இடங்கள் அடித்திருக்கும், அங்கே என்ன வார்த்தை இருந்தது என்று உனக்குத் தெரியும். இந்த எழுத்து வேலை கிடைத்தது என்று நீ ஓடிவந்து சொன்ன அன்றும் நான் அதைச் சொன்னேன், நிரந்தர வேலையா என்று கேட்டேன். கேலி செய்துவிட்டாய் என்று நினைத்துத்தான் கோபித்துக்கொண்டேன். படத்தின் கடைசியில் அந்தக் கிழவருக்கு நீ கொடுத்திருக்கும் பெருந்தன்மை என்னிடம் இருந்து எடுத்தது இல்லை. அது உன்னுடையது, நீ எனக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறாய். அதை நினைத்தால்தான் வெட்கம் தாங்கவில்லை. பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில், கோட்டையில் காலையில் சூரியன் எந்தப் பக்கம் வருகிறது, மாலையில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது பற்றி ஒன்று சொல்ல எனக்குக் கை துடிக்கிறது. சொல்லமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கூப்பிட மனசு வராவிட்டால் அதுவும் நியாயம்தான், நான் தொலைபேசிப் பக்கத்திலேயே இருப்பேன். அப்பா இன்று பல்பு வாங்கி வந்துவிட்டார், படியெல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. உன் கை எழுதுவதெல்லாம் நிலைக்கட்டும், நீ நீண்ட நாள் சந்தோஷமாக இரு.

படம் முழுவதும் பார்த்தேன். சரி.

உன் அம்மா