எனக்கு வர வேண்டிய திட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். அண்ணி ரொம்பவே சுகம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவுக்குத் துணையாக இருப்பார் என்று சொல்லித்தானே அண்ணியை இங்கே விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போனாய்? அவர் மறுநாளே அப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்தவர் இல்லையா, பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்கிறார். அப்பா வாயைப் பிளக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது நான். இப்போது அவர் கையை நீட்டினால் அண்ணி கை முந்திவிடுகிறது. நான் எண்ணெய்த் துணியோடு பின்னால் நிற்கிறேன்.

பல் டாக்டரின் சிவப்புக் கார் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் ஓட்டுவாரே, அவர்தான். எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்க அதோடு சுற்றும் ஃபிளைவீல் சக்கரம் லேசானதாக வேண்டும் என்றார். அதை அப்பாவே வாங்கி வைத்தார். அதற்குப் பொருந்தும் கிளட்ச்சை “ரெண்டு பேரும் சேந்து பாத்து எடுங்க” என்று எங்களிடம் விட்டார்.

சேர்ந்து போக எனக்கு மனம் வரவில்லை. அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து நான் மட்டும் கடைக்குப் போனேன். புது ஆட்களிடம் எனக்கு நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். பழைய கிளட்ச் டிஸ்க்கை நீட்டி, இதே மாதிரி, ஆனால் பலமானதாக என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் ஃபிளைவீல் பழசுதானே என்று கேட்டார். பேச்சை வளர்க்கப் பயந்து தலையாட்டிவிட்டேன். அப்பாவும் அண்ணியும் சாப்பிடப் போனபோது நானே டிஸ்க்கை வைத்து, மேலே அதை அழுத்தும் பிளேட்டை முறுக்கி மூடினேன்.

பழைய ஃபிளைவீலுக்குள்ளேயே ஸ்பிரிங் இருந்தது. அதனால்தான் பழைய டிஸ்க்கில் இல்லை. புதிய ஃபிளைவீலோ ஒரே இரும்புத் தட்டு. எஞ்சினின் உதறலை வாங்கிக்கொள்ள இரண்டில் ஒன்றிலாவது ஸ்பிரிங் வேண்டும். நான் மூடி வைத்ததில் இரண்டிலுமே இல்லை.

அப்பா வந்து கியர்பாக்ஸை ஏற்றி வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அது, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோலச் சத்தம் போட்டது. அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, “டிஸ்க்க எடுத்தது யாரு?” என்றார். டாக்டரும் பக்கத்திலேயே நின்றார். நான் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, “நான்தான் மாமா, யோசிக்காம எடுத்துட்டேன்” என்றார்.

அப்பா பிடித்துக்கொண்டார். “கடையில பொட்டி வித்த பொண்ணும்மா நீ. ஸ்பிரிங் எங்கன்னு பாக்க வேணாமா? மண்டையில என்ன, கிரீஸா இருக்கு?” என்றார். டாக்டர், “வண்டி பல்லக் கடிக்குது, நம்ம கிளினிக்குக்கே கூட்டிட்டுப் போயிடட்டுமா?” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். கியர்பாக்ஸை மறுபடி இறக்கிய நேரமெல்லாம் அப்பா அண்ணியைத் திட்டிக்கொண்டே இருந்தார், உன்னைத் திட்டுவாரே, அதே மாதிரி. நான் தப்புச் செய்தால் மட்டும், “சரி விடும்மா, சின்னப் பொண்ணு நீ, உள்ள போ” என்பார்.

கை கழுவும்போது அண்ணியிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “டாக்டர் முன்னாடி அழுதுருவியோன்னு தோணுச்சு” என்று சொல்லி, சோப்பை என் கையில் வைத்துவிட்டுப் போனார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

ஸ்பிரிங் டிஸ்க் போட்டு வண்டியை அனுப்பியாயிற்று. அது நன்றாக ஓடுகிறதாம்.

அண்ணா, அடுத்த தடவை போனில் பேசும்போது, அந்த டிஸ்க்கை எடுத்தது நான்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிடு. எனக்கு வாய் வராது. யார் முன்னால் வேண்டுமானாலும் திட்டட்டும். உள்ளே போ என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல். நான் அழ மாட்டேன் என்றும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை