ஒரே குழலில் குடித்த நாள்

அண்ணை,

இன்று காலை பாலெர்மோவின் பல்லாரோ சந்தையில் ஒரு கிழவர் சுரைக் குடுவையில் ஏதோ இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆர்ஜென்டினாவில் உழைத்துத் திரும்பியவராம். அந்தக் கசப்பு வாசம் மூக்கில் ஏறியதும் கத்தரிக்காய்க்கு விலை பேசுவதையே மறந்து நின்றுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நீங்களும் நானும் பயறு வாங்க ஆர்ஜென்டினாவுக்குப் போனோம். இத்தாலியில் தமிழ்க் கடைகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். பாலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் நீங்கள் முன்பு வேலைசெய்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா அம்மாவின் உறவினர் ஒருவர் ஆர்ஜென்டினாவில் பயறு மொத்த வியாபாரி.

பாலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே கடையை இருவரும் பங்காக நடத்தினோம். ஆனால் என் கை பட்ட கோப்பையில் நீங்கள் ஒருநாளும் வாய் வைத்ததில்லை. "எனக்கு வயிறு சரியில்லை" என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் என் அப்பாவுக்குக் கோப்பை தராமல் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்த சாதிக்காரர் நீங்கள். எனக்கு விளங்காதா? இலாபம் வந்ததால் பொறுத்தேன். அந்தப் பொறுமையும் முடிந்துகொண்டிருந்தது.

சால்டா நகரில், அந்த வியாபாரியின் களஞ்சியத்தில் விலை பேச உட்கார்ந்தோம். அவருடைய பாட்டன் சிசிலிக்காரர் என்பதால் எங்கள் பாலெர்மோப் பேச்சு அவருக்கு விளங்கியது. இன்று பார்த்த அதே இலை, ஒரு குடுவை, ஒரு உலோகக் குழல். அவர் உறிஞ்சினார். மறுபடி வெந்நீர் ஊற்றி, மூட்டை தூக்குகிறவரிடம் கொடுத்தார். அவர் குடித்த அதே குழல் என்னிடம் வந்தது. யாரும் துடைக்கவில்லை. வேப்பிலைச் சாறு மாதிரிக் கைத்தது. குடித்து முடித்தேன். அடுத்தது நீங்கள்.

நீங்கள் இதைத் தள்ளிவிட்டால் பாலெர்மோவில் இறங்கியதும் பங்கைப் பிரிப்பது என்று முடிவெடுத்தேன்.

குழலைப் பார்த்தீர்கள். "தம்பி, துடைக்கலாமோ?"

"துடையுங்கோ அண்ணை. அவருக்குக் கோவம் வந்து மூட்டைக்கு விலை ஏறும்."

"விசரன்" என்று முணுமுணுத்துவிட்டு வாயில் வைத்தீர்கள். அடியில் கொர்ரென்று காற்று இழுக்கும்வரை நிறுத்தவில்லை. வியாபாரி பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்தார். அங்கே நடந்தது என்னவென்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பயறுக்காகக் குடித்தீர்களா, எனக்காகவா? கடைசிவரை நான் கேட்கவில்லை. நல்ல சரக்கு கைக்கு வந்தபின் அதைக் கிண்டிப் பார்க்கிறவன் இல்லை நான்.

அன்று மாலை நகரச் சதுக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். வாங்குகளில் உட்கார்ந்திருந்தது பொலிஸ்காரன், சப்பாத்துத் துடைக்கிறவர், படிக்கிற பெட்டைகள். எல்லார் நடுவிலும் குடுவை சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் வாய் வைத்தவர் யாரென்று ஒருவரும் பார்க்கவில்லை. அங்கேயும் வேறு கோடுகள் இருக்கும், உலகம் தெரியாதவன் இல்லை நான். ஆனால் எங்கள் கோடு அங்கே இல்லை. தேர் பார்க்கிற சனம் போல நின்றோம்.

"இவையளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லைப் போலை" என்றீர்கள்.

"எதை?"

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குச் சின்னனிலையே சொல்லித் தந்திட்டினம், தம்பி."

பங்கு பிரியவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பிறகு கதைத்ததும் இல்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பாலெர்மோவில் இப்போதும் கலியாணப் பேச்சு வந்தால், "அவை ஆர் ஆக்கள்?" என்று சாதி கேட்டு யாராவது இழுப்பார்கள். முன்பென்றால் சண்டைக்குப் போவேன். இப்போது சத்தம் போடுவதில்லை. "உனக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?" என்று மட்டும் கேட்கிறேன். அநேகமாக எல்லாருக்கும் அப்பாவின் முகமோ அம்மாவின் முகமோ நினைவுக்கு வந்துவிடுகிறது போலும். பேச்சை மண்டப வாடகைக்கு மாற்றிவிடுகிறார்கள்.