நீல டிரம்

அன்புள்ளவளுக்கு,

இதை ஒடுகத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் தம்பி எங்கள் தோல் கம்பெனியிலிருந்து தூக்கிவந்த நீல டிரம்மில் தண்ணீர் பிடித்துக் குடிக்காதே. பிள்ளைத்தாய்ச்சி நீ. "கிஃப்ட்னு கம்பெனியே போட்டுக்குது பாரு மாமா" என்று டிரம்மின் மேலிருந்த எழுத்தைக் காட்டி இளித்தான். அது ஜெர்மனியிலிருந்து தோல் பதனிடும் மருந்து வந்த டிரம். அந்த பாஷையில் கிஃப்ட் என்றால் விஷம்.

காலி டிரம்களைத் தொழிலாளிகளுக்குத் தீபாவளி இனாமாகக் கொடுப்பது இங்கே வழக்கம். மேனேஜரிடம் போய்க் கத்தினேன்.

"இன்னா கெமிஸ்ட் சார், சும்மா பேஜார் பண்றீங்க" என்றவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "இனிமே எழுத்தச் சுரண்டிட்டுக் குடுப்பா."



அதில் பிடித்த தண்ணீரைக் கிணற்றிலிருந்து தூரமாகக் கொட்டுங்கள். டிரம்மின் அடியில் கடப்பாரையால் ஓட்டை போடச் சொல் உன் தம்பியை. முழுசாக இருந்தால் உன் அம்மா அதைக் கழுவி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

உன் கணவன்