பேசக் கூடாது, ‘வாய் திற’ பதிவாகிறது

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் மின்விசிறியை நிறுத்திவிட்டான். அண்ணன் தன் முதல் ராப் ஆல்பத்தைத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்கிறான். தொங்கும் சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். அவன் பாடும்போது விசிறி சுற்றக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, நான் புத்தகத்தின் பக்கத்தைக்கூட மெல்லத்தான் புரட்ட வேண்டும். ஆல்பத்தின் பெயர் ‘வாய் திற’.

நான் குறை சொல்லவில்லை. அடக்கப்பட்டவர்களுக்காகப் பாடுகிறான். அதற்காக நாங்கள் கொஞ்சம் அடங்கியிருந்தால் என்ன?

ஜூன் 5, வியாழன்

‘அதிகார’த்துக்கு எதுகை கேட்டான். சதிகாரன், மதிகேடு, நிதி, விதி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். “புத்தக வாசனை அடிக்குது. தெரு வாசனை வேணும்” என்றான். நம் தெருவில் சாக்கடை வாசனைதானே அடிக்கிறது என்றேன். “அதேதான்!” என்றான். பிறகு நைசாகச் சதிகாரனை எடுத்துக்கொண்டான்.

ஆல்பத்தின் நன்றிப் பட்டியலில் என்னைச் சேர்ப்பானாம். நிஜமாகவே.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். இயந்திர இரைச்சலில் அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்குவதில்லை. இன்று அண்ணன் ஆறாவது பாட்டைப் பதிந்துகொண்டிருக்கையில் அம்மா சமையலறையிலிருந்து தோழியோடு போனில் பேசினாள். சுவர், அலமாரிக் கதவு, அப்பாவின் பழைய கோட்டு எல்லாவற்றையும் தாண்டி அது மைக்கில் விழுந்துவிட்டது.

விஷயம் கழிப்பறைச் சாவி. சூப்பர்வைசர் அதை ஒரு பெரிய மரக்கட்டையில் கட்டித் தன் மேசைமேல் வைத்திருக்கிறார். அவசரம் என்றால் எல்லார் முன்னாலும் போய்க் கேட்க வேண்டும். இரண்டாம் முறை போனால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து “திரும்பவுமா?” என்பாராம். அம்மா அவரைப் போலவே மூக்கால் பேசிக் காட்டினாள்: “திரும்பவுமாஆ?” பிறகு தன் குரலில், “ஏண்டி, நான் என்ன அந்தாளு வீட்டுத் தண்ணியையா குடிச்சேன்?”

அலமாரியை உதைத்துத் திறந்துகொண்டு அண்ணன் வந்தான். “அம்மா! பெண் தொழிலாளர் உரிமையைப் பத்திப் பாடிட்டிருக்கேன். கொஞ்சம் வாயை மூடேன்!”

அம்மா மூடிக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்

பாட்டுகளைக் கலந்து சீர்செய்பவர் அண்ணனின் நண்பர். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவே மாட்டார், தோளைத் தட்டித்தான் கூப்பிட வேண்டும். அதனால் அவர் ஹெட்போன் அண்ணன். கெட்டுப்போன அந்தப் பதிவைக் கேட்டவர், “டேய், உன் பாட்டு கிடக்கட்டும். யாருடா இந்த அக்கா?” என்றார். ‘திரும்பவுமா’வை மட்டும் வெட்டித் தாளத்தோடு ஓடவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணன் முகம் முதலில் சுருங்கியது. சாயங்காலத்துக்குள் அது அவனுடைய யோசனையாகிவிட்டது.

“அம்மாகிட்ட கேட்டியா?” என்றேன்.

“கலை யார்கிட்டயும் பர்மிஷன் கேக்காது.”

மூன்றாம் பாட்டின் தலைப்பு ‘எங்களைக் கேட்டீங்களா?’. ஊரைக் கேட்காமல் மரங்களை வெட்டியதைப் பற்றியது. அதை ஞாபகப்படுத்தினேன்.

“அது மரம். இது அம்மா” என்றான்.

எந்தப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாலும் இதற்கு அர்த்தம் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

அம்மாவுக்கு இன்னும் ஒப்பந்த வேலைதான். யாரை நிரந்தரமாக்கலாம் என்று சூப்பர்வைசர் அடுத்த மாதம்தான் எழுதிக் கொடுக்கப் போகிறார். அந்தக் கூடத்தில் ஒரு நாள் நின்றவர்களுக்குக்கூட அம்மா குரல் தெரிந்துவிடும். பாட்டு வந்தால் வேலை போகும். அம்மாவிடம் சொன்னால் அண்ணன் என்னை மன்னிக்க மாட்டான், பட்டியலிலும் நான் இருக்க மாட்டேன். சொல்லலாமா? சீ, இதில் பட்டியலைப் பற்றி யோசிக்கிறேனே.

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஜூன் 14, சனி

அம்மா அந்தப் பதிவைப் போடச் சொல்லிக் கேட்டாள். முதலில் சிரித்தாள்: “அய்யய்யோ, நான் இப்படியா கத்துறேன்?” சிரிப்பு பாதியில் நின்றது. “எடுத்துடுடா.”

“இப்படிப் பயந்தா எப்பம்மா மாற்றம் வரும்?”

“முதல்ல வேலை நிரந்தரமாகட்டும். மாற்றம் அப்புறம் வரட்டும்.”

“பயந்தாங்கொள்ளிங்க! எல்லாரும்!”

“ஆமாண்டா. பயந்து பயந்துதான் உன்னை வளர்த்தேன். அந்த மைக்கும் அப்படி வந்ததுதான்.”

அண்ணன் சாப்பிட மாட்டேன் என்றான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் போய்ச் சாப்பிட்டான். தட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் பாட்டு, பெண்கள் தலையில் விழும் வீட்டு வேலையைப் பற்றியது. அருமையான பாட்டு.

ஜூன் 17, செவ்வாய்

அம்மாவுக்குப் பதிலாக என்னைப் பேசச் சொன்னார்கள். பள்ளிப் பேச்சுப்போட்டியில் நான்தான் முதல் பரிசு. நிமிர்ந்து நின்று, நிறுத்தி, உணர்ச்சியோடு “திரும்பவுமா?” என்றேன். ஹெட்போன் அண்ணன் ஹெட்போனையே கழற்றிவிட்டார்.

“தங்கச்சி, நீ இப்படிக் கேட்டா அந்தாளு எழுந்து நின்னு சாவியைக் குடுத்துடுவாரு.”

பாராட்டுத்தானே என்று கேட்டேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

ஜூன் 19, வியாழன்

ஆறாவது பாட்டு இல்லாமலே ஆல்பம் வருமாம். அண்ணன் தாடி வளர்க்கிறான்.

ஜூன் 22, ஞாயிறு

இதை எழுத எனக்குக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

அம்மா நடந்ததை வேடிக்கையாகக் கூடத்தில் சொல்லியிருக்கிறாள். இன்று அங்கே வேலை செய்பவர்கள் எட்டுப் பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். “தனியாச் சொன்னா அது உன் குரல். எல்லாரும் சேர்ந்து சொன்னா யாரைன்னு தேடுவான்?” என்றார் அவர்களில் மூத்த அக்கா.

அலமாரிக்குள் ஒன்பது பேர் நுழைய முடியாது. வீட்டிலிருந்த போர்வைகளை எல்லாம் எடுத்தார்கள். இருவர் இருவராக முனை பிடித்து ஒரே உதறு. நான் கண் சிமிட்டுவதற்குள் முன்னறை முழுக்கத் துணிச் சுவர்.

அண்ணன் நடுவில் நின்று, “தொழிலாளர் போராட்ட வரலாற்றுல...” என்று ஆரம்பித்தான்.

“தம்பி, ரெக்கார்டிங் நடக்குது. வாயை மூடு” என்றார் மூத்த அக்கா.

மூடிக்கொண்டான்.

ஒவ்வொருவரும் ஒரு மூக்கால் “திரும்பவுமா?” என்றார்கள். சேர்ந்தும் சொன்னார்கள். சிரிப்பு அடங்காமல் மறுபடியும் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மா குரலைத் தேடினேன். பிறந்ததிலிருந்து கேட்ட குரல். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் 25, புதன்

ஆனாலும் அம்மாவுக்கு உள்ளுக்குள் உதறல்தான். வேலையிடத்தில் இப்போதெல்லாம் கிசுகிசுவென்றுதான் பேசுகிறாளாம். வீட்டுக்கு வந்து இரண்டு பங்காகக் கத்துகிறாள்.

ஜூலை 4, வெள்ளி

‘வாய் திற’ வெளிவந்தது. மற்ற எட்டுப் பாட்டுகளையும் ஹெட்போன் அண்ணனும் நானும்தான் கேட்கிறோம் போலிருக்கிறது. ஆறாவது மட்டும் சலவைக்கூடத்தில் எல்லார் போனிலும் இருக்கிறது. வார்டு ஆயாக்கள், லிஃப்ட் ஓட்டுபவர் வரை போய்விட்டது. அதில் அண்ணன் எழுதிய சொல் ஒன்றுகூட இல்லை.

நன்றிப் பட்டியலில் நான் இருக்கிறேன். ஹெட்போன் அண்ணன் வீட்டுப் பூனைக்கு அடுத்தபடியாக.

ஜூலை 9, புதன்

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இன்று இரண்டாம் முறை சாவி கேட்டாளாம். சூப்பர்வைசர் கண்ணாடியைக் கீழே இறக்கி, “திரும்ப...” என்று ஆரம்பித்திருக்கிறார். துணி மடிக்கும் மேசையில் யாரோ தாளம் தட்டினார்கள். டும், டும்-டக். அடுத்த மேசையிலும் தட்டினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு சாவியை நீட்டிவிட்டார்.

அம்மா இதை நடித்துக் காட்டியதைப் பக்கத்து வீடே கேட்டிருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

நிரந்தரமாகிவிட்டது!! சூப்பர்வைசரே பரிந்துரைத்திருக்கிறார். “இந்தப் பாட்டுக் கூட்டத்துல நீங்க சேரலைன்னு தெரியும்மா. நீங்க அமைதியான ஆளு” என்றாராம். உத்தரவிலும் ‘அமைதியானவர்’ என்றே இருக்கிறது. அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஜூலை 13, ஞாயிறு

சாவி இப்போது கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறதாம். மரக்கட்டையைக் காணவில்லை.

அண்ணன் சாப்பிடும்போது உலகத்துக்குத் தன்னைப் புரியவில்லை என்றான். சொற்களின் காலம் முடிந்துவிட்டதாம். பிறகு கை கழுவிவிட்டு, அடுத்த ஆல்பத்தை ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னான். விசிறியை நிறுத்தினான். அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க.”

சமையலறையிலிருந்து அம்மா மூக்கால் கேட்டாள்: “திரும்பவுமாஆ?”

அலமாரிக் கதவு திறந்தது. ஒரு மாதமாக உள்ளேயே கிடந்த தட்டோடு அண்ணன் வெளியே வந்தான், யாரையும் பார்க்காமல் தொட்டியடிக்குப் போனான், குழாயைத் திறந்தான்.

நான் விசிறியைப் போட்டேன்.